பஞ்சம் வந்தால் படை வருமா? நடுகல்லிலிருந்து பிலிகுண்டு வரை

வாணியாறு கேட்டது:

வணக்கங்க. தருமபுரியில் மாணவர் கண்காட்சி ஒன்றுக்குப் பலகைகள் தயாராகுது. பொதுத் தலைப்பு "பருவநிலையும் போரும் அமைதியும்". மொத்தம் 5 பலகை, ஒன்றுக்கு 100 சொல்லுக்கு மேல் இடம் இல்லை. இப்போதைய வரைவு இப்படி இருக்கு:

பலகை 1: நம்ம பக்கத்து நடுகற்கள். "வறட்சியில் மாடு கவர வந்தார்கள், அதனால் சண்டை."
பலகை 2: மூன்றாம் மைசூர்ப் போரும் அந்தக் காலத்துப் பஞ்சமும்.
பலகை 3: தாது வருஷப் பஞ்சம் (1876-78).
பலகை 4: காவிரி. "மழை பொய்த்த வருஷமெல்லாம் கலவரம்."
பலகை 5: உலகம். சிரியா, சூடானின் டார்ஃபூர், சீனாவின் மிங் அரசு.

"வறட்சி வந்தது, ஆகவே போர் வந்தது" என்று எல்லாப் பலகையிலும் ஒரே அம்புக்குறி போடலாமா? எது நிற்கும், எதை எடுத்துவிடணும்? நம்ம மாவட்ட மழைக்கணக்கை வைத்து மாணவர்களே சரிபார்க்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்க.

---

கல்லெழுத்து பதில்:

பலகை 1-ஐ அப்படியே மாட்டாதீங்க. நடுகல்லைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர் வந்து நின்றாலே கேள்வி கேட்பார்.

நடுகல் எழுத்தில் என்ன இருக்கும் என்று பாருங்க. முதலில் அரசன் பேர், "கோவிசைய" என்று தொடங்கும். அடுத்து அவனுடைய ஆட்சியாண்டு. அப்புறம் எந்தத் தலைவனுக்கு எந்தச் சேவகன், எந்த ஊரில் தொறுக் கொண்டார்கள், யார் மீட்டுப் பட்டான். அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை. மழை பெய்ததா, ஏரி வற்றியதா என்பது எதிலும் வராது. ஆக "வறட்சியில்" என்ற சொல் கல்லில் இல்லாதது, நாம் சேர்த்தது.

சரி, காலத்தை வைத்து ஒப்பிடலாமே என்றால் அங்கே இன்னொரு சிக்கல். பழைய நடுகற்களில் சக ஆண்டு பெரும்பாலும் கிடையாது, ஆட்சியாண்டு மட்டும்தான். அந்த அரசன் எப்போது பட்டம் ஏறினான் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் 10, 20 வருஷ வித்தியாசம் உண்டு. மகேந்திரவர்மன் பட்டமேறியது 580-ஐ ஒட்டியா, 590-ஆ, 600-ஆ என்று ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். வறட்சி என்பது இரண்டு மூன்று வருஷ விஷயம். 20 வருஷம் தள்ளாடும் தேதியை வைத்து 2 வருஷ வறட்சியோடு முடிச்சுப் போட முடியாது. எந்த வறட்சியோடு வேண்டுமானாலும் பொருந்தும், அதனாலேயே எதையும் நிரூபிக்காது.

இதைவிட முக்கியமானது ஒன்று. மாடு கவர்தல் என்பது பசிக்குத் திருடுவது இல்லை. வெட்சி என்றே தனித்திணை வைத்திருந்தார்கள். போரைத் தொடங்கும் முறை அது. எதிரியின் மந்தையை ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு என்ன தேவை? வழியெல்லாம் புல்லும் தண்ணியும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 40 லிட்டர் வரை குடிக்கும். 200 மாட்டை வறண்ட காட்டுவழியே இரண்டு நாள் ஓட்டினால் பாதி வழியிலேயே படுத்துவிடும். எலும்பும் தோலுமாக இருக்கிற மந்தையைக் கவர்ந்து என்ன பெருமை? வடகென்யாவில் மார்சபிட் பகுதி மேய்ச்சல்காரர்களைப் பற்றி 2009-இல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. நல்ல மழை வருஷங்களில்தான் மந்தைக்கொள்ளையும் சாவும் அதிகம். வறண்ட வருஷத்தில் ஒரே கிணற்றைப் பங்கு போட வேண்டியிருப்பதால் ராசியாகிப் போகிறார்கள்.

நம்ம பக்கமும் அப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல வரவில்லை. அம்புக்குறியை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன். பலகை 1-க்கு என் யோசனை: "இந்த நிலத்தில் சொத்து என்றால் மாடு. மாட்டுக்காக மோதினார்கள், மீட்டவனுக்குக் கல் நட்டார்கள்." மேய்ச்சல் நிலம் ஏன் இங்கே உயிர்நாடி என்று இரண்டு வரி சேருங்க, மானாவாரி மண், மேலகிரிக் காடு, ஆலம்பாடி மாடு என்று. அதுவே பருவநிலைச் செய்திதான். பாலை என்பது தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் ஓரமாகப் போடலாம். நம்ம காட்டை மே மாசம் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

---

பாரமகால் பதில்:

பலகை 2 நல்ல தேர்வு. ஆனால் திசை மாறியிருக்கு. அங்கே பஞ்சம் போரைக் கொண்டுவரவில்லை. மழையும் தீவனமும் சேர்ந்து போரின் போக்கைத்தான் மாற்றின.

வரிசை இது. 1791 மார்ச்சில் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படைத்தலைவர் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். மே மாசம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டார். மே 15-இல் சண்டையிலும் அவர் பக்கம்தான் கை ஓங்கியது. அப்படியும் அந்த மாசக் கடைசிக்குள் பின்வாங்கினார், அதுவும் முற்றுகைப் பெரும் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு. காரணம் திப்புவின் படை இல்லை, மாடு. வழிநெடுகத் தீவனத்தையும் தானியத்தையும் திப்பு அழித்துவிட்டிருந்தார். மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. வண்டி மாடுகள் நோயிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முற்றுகைப் பீரங்கி ஒன்றை இழுக்கப் பல ஜோடி மாடு வேண்டும். மாடு போனால் பீரங்கி வெறும் இரும்பு.

அடுத்த 8 மாசம் முழுக்க வழியைச் சரிசெய்வதிலேயே போனது, அது நடந்தது நம்ம மண்ணில். ஜூலையில் ஓசூர், ராயக்கோட்டை இரண்டும் கும்பினியின் கைக்குப் போயின. பாரமகாலிலிருந்து (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாயை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் தானியம் போய்ச் சேரும். நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பினார்கள். 1792 பிப்ரவரியில் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது பொதிமாட்டு லம்பாடிகள் பெரும் மந்தைகளில் தானியம் சுமந்து கூடவே வந்தார்கள். மார்ச்சில் உடன்படிக்கை, பாரமகாலும் சேலமும் கும்பினிக்கு. (ஓசூர் திப்புவிடம் திரும்பிப் போய் 1799-இல்தான் வந்து சேர்ந்தது. பலகையில் இதைத் தப்பாகப் போடுகிறவர்கள் நிறைய.)

இதே வருஷங்களில் தக்காணத்தின் வடபகுதி, ஐதராபாத், குஜராத் பக்கம் மண்டையோட்டுப் பஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. 1789-லிருந்து சில வருஷம் நீடித்த வலுவான எல் நினோவோடு (பசிபிக் கடல் சூடேறி நம்ம பருவமழையைக் குலைக்கும் நிலை) அதைச் சேர்த்துப் பேசுவார்கள். அதை ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் "பஞ்சத்தால் மைசூர்ப் போர்" என்று எழுதினால் பிழை. போர் தொடங்கியது 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூர் எல்லையைத் தாக்கியதில்.

பலகை 3-க்கு வருகிறேன். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா. 1871 கணக்கெடுப்பில் ஜில்லா மக்கள்தொகை 19.6 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 1881-இல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் காணோம். 1876-இல் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. 1877 வலுவான எல் நினோ வருஷம். நம்ம ஜில்லா கண்ட மோசமான வறட்சி என்றால் இதுதான்.

போர் வந்ததா? வரவில்லை. தானிய வண்டியை மறித்துக் கொள்ளை, சந்தைச் சூறை, இரவில் வீட்டுக் கன்னம், நிரம்பி வழிந்த சிறைகள், ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன கூட்டம். இதெல்லாம் உண்டு. படை திரட்டிக் கிளம்ப யாருக்கும் தெம்பு இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, இந்திய அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கல் உடைக்கணும். உடம்பு தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதித்தான் 1877 மே மாசம் இங்கே கூலி ஏறியது.

சென்னை மாகாணத்தில் ஆயுதம் தூக்கிய கிளர்ச்சி என்றால் 1879-இல் கோதாவரி மலைப்பகுதியின் ராம்பா. அங்கே மூலகாரணம் கள்ளு வரி, காட்டுச் சட்டம், மன்சப்தார் என்ற மலை ஜமீன்தாரின் அடாவடி. ஆகப் பெரிய வறட்சி வந்த இடம் ஒன்று, கிளர்ச்சி வந்த இடம் வேறு. பலகை 3-இல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுவே பாதி பதில்.

---

சந்தேகி பதில்:

எல்லாரும் "இல்லை இல்லை" என்றே சொல்கிறீர்களே. சிரியா என்ன? 2007-லிருந்து 2010 வரை வறட்சி, விவசாயி நகரத்துக்கு ஓடினான், 2011-இல் உள்நாட்டுப் போர். அமெரிக்க ஆய்வே வந்திருக்கு. உலகளவில் வெப்பம் கூடினால் மோதல் கூடும் என்று எண்ணோடு சொல்லியிருக்கிறார்கள். நடுகல்லை வைத்துக்கொண்டு அதை மறுக்க முடியுமா?

---

மழைமானி பதில்:

சந்தேகி சொல்வதில் பாதி சரி. எண்ணைப் பார்த்துவிடுவோம்.

2013-இல் 60 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. வெப்பமோ மழையோ தன் வழக்கத்திலிருந்து ஒரு திட்டவிலக்கம் (வருஷத்துக்கு வருஷம் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) நகர்ந்தால், தனிமனித வன்முறை 4 சதவீதமும் குழுமோதல் 14 சதவீதமும் கூடுகிறது என்றது. அதற்கு முன் 2011-இல் இன்னொன்று: வெப்பமண்டல நாடுகளில் புதிதாக உள்நாட்டு மோதல் வெடிக்கும் வாய்ப்பு லா நினா (எல் நினோவுக்கு எதிர்நிலை) வருஷத்தில் 3 சதவீதம், எல் நினோ வருஷத்தில் 6. இவற்றின் கணக்குமுறையைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. 2019-இல் இரண்டு தரப்பையும் சேர்த்து 11 பேரை உட்காரவைத்துக் கேட்டார்கள். கடந்த நூற்றாண்டின் ஆயுத மோதல் அபாயத்தில் பருவநிலைக்குரிய பங்கு 3-லிருந்து 20 சதவீதம் என்று வந்தது. 2022-இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. அறிக்கையும் பருவநிலையின் பங்கு உண்டு, ஆனால் மற்ற சமூக பொருளாதாரக் காரணங்களோடு பார்த்தால் அது பலவீனமானது என்றுதான் எழுதியது.

"14 சதவீதம் கூடும்" என்பதைப் படிக்கும்போது ஒன்று கவனிக்கணும். அது இருக்கிற அளவின் மேல் 14 சதவீதம். நூறில் 5 என்றிருந்த வாய்ப்பு 5.7 ஆகும், 19 ஆகாது. பலகையில் இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள்.

சிரியா: வறட்சி கடுமையாக அடித்தது வடகிழக்கில், ஹசாக்கா பக்கம். போராட்டம் வெடித்தது 2011 மார்ச்சில் தென்மேற்கே தாராவில். நடுவில் என்ன நடந்தது? 2008 மே மாசம் அரசு டீசல் மானியத்தை வெட்டியது. லிட்டர் 7 பவுண்டாக இருந்தது ஒரே அடியில் 25 ஆனது. அங்கே கிணற்றுப் பாசனம் டீசல் மோட்டாரில் ஓடுவது. மழையும் இல்லை, மோட்டார் ஓட்டவும் கட்டுப்படி ஆகவில்லை. பிறகு உர மானியமும் போனது. அதே வறட்சி ஈராக்கிலும் ஜோர்டானிலும் அடித்தது, அங்கே இந்த வரிசை நடக்கவில்லை. வறட்சி மட்டும் காரணம் என்றால் எல்லையைத் தாண்டியதும் அது ஏன் வேலை செய்யவில்லை?

டார்ஃபூரும் இப்படித்தான். கடும் வறட்சி 1983, 84-இல். போர் 2003-இல். நடுவில் மழை ஓரளவு மீண்டிருந்தது. ஆனால் மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் வழக்கு வந்தால் தீர்த்துவைத்த ஊர்த்தலைமை முறையை 1971-லேயே அரசு கலைத்துவிட்டிருந்தது. மழை திரும்பி வந்தது, பஞ்சாயத்து திரும்பவில்லை. பலகை 5-இல் டார்ஃபூருக்கு 20 சொல்தான் கிடைக்கும் என்றால் இதைப் போடுங்க.

மிங் அரசு ஓரளவு நிற்கும். 1630-களின் கடைசியிலும் 1640-களின் தொடக்கத்திலும் வடசீனாவில் பல நூற்றாண்டில் காணாத வறட்சி. 1644-இல் பெய்ஜிங் விழுந்தது. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. கஜானாவில் பணமில்லை என்று 1629-இல் அஞ்சல் நிலையங்களை வெட்டினார்கள். வேலை போன ஆட்களில் ஒருவர் லீ ஸிசெங். பெய்ஜிங்கைப் பிடித்தவர் அவர்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பலகை ஒருதலைப்பட்சமாகிவிடும். மங்கோலிய மரவளையங்களைப் பார்த்தால் 1211-லிருந்து 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறான மழை, இதமான வெப்பம். செங்கிஸ்கான் படை பரவியது சரியாக அப்போதுதான். புல் நன்றாக முளைத்தது, குதிரை பெருகியது, படை கிளம்பியது. கல்லெழுத்து அண்ணன் மாட்டுக்குச் சொன்னதுதான் அங்கே குதிரைக்கு.

இனி நீங்கள் கேட்ட செய்முறை. மாணவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவு 0.25 பாகைக் கட்டங்களாக 1901-லிருந்து இலவசமாகக் கிடைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேல் விழும் கட்டங்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுங்க. ஜூன்-செப்டம்பர் தனி, அக்டோபர்-டிசம்பர் தனி. நமக்கு இரண்டு பருவமழையிலும் பங்கு உண்டு, ஆண்டு மொத்தம் சுமார் 850 மி.மீ. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒரு பருவம் பொய்த்ததை இன்னொன்று மறைத்துவிடும். ராகிக்கு அக்டோபர் மழை ஆகஸ்ட் மழையை ஈடுகட்டாது. ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் என்று எழுதுங்க. மைனஸ் 1-க்குக் கீழே போனால் வறட்சி, மைனஸ் 1.5 கடுமை, மைனஸ் 2 மிகக் கடுமை.

அடுத்த படிதான் முக்கியம். மோதல் பட்டியலை மழையைப் பார்க்காத வேறு குழு தயாரிக்கணும். மழை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதலைத் தேடினால் வறண்ட வருஷத்தில் மட்டும் தேடுவோம், கிடைக்கும். நல்ல மழை வருஷத்தில் நடந்த சண்டை கண்ணில் படாது. பெரிய ஆய்வுகளிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்று 2018-இல் சுட்டிக்காட்டினார்கள். மோதல் நடந்த நாடுகளையும் ஆங்கிலம் புழங்கிய காலனி நாடுகளையுமே திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் சாவியைத் தேடுகிற கதை.

கடைசியாக நாலு கட்டமாக எண்ணுங்க: வறட்சி-மோதல், வறட்சி-அமைதி, மழை-மோதல், மழை-அமைதி. பெரும்பாலான பலகைகளில் முதல் கட்டம் மட்டும்தான் இருக்கும்.

1901-க்கு முன்னால் போகணும் என்றால் மரவளையங்களிலிருந்து செய்த ஆசிய வறட்சித் தொகுப்பு இருக்கு, 1300-லிருந்து 2005 வரை. அது சுட்டும் பெருவறட்சிகளில் 1790-96, 1876-78 இரண்டும் உண்டு, பாரமகால் சொன்ன காலங்களோடு ஒத்துப்போகும். ஆனால் நம்ம தீபகற்பத்து மரங்கள் அதில் மிகக் குறைவு. ஒரு மாவட்டத்துக்கு நம்பி எடுக்க முடியாது. பல்லவர் கால நடுகல்லுக்கு அது எட்டவே எட்டாது, தொடக்கமே 1300.

---

மதகடி பதில்:

காவிரிக்கு வரேன். "மழை பொய்த்த வருஷமெல்லாம் கலவரம்" என்று எழுதினால் பலகை 4 முதல் நாளே விழுந்துடும்.

1991 டிசம்பர் கலவரம்தான் மோசமானது. அந்த வருஷம் மழை பொய்த்ததா? இல்லை. தமிழகத்துக்கு வருஷம் 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி) விடணும் என்ற காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை ஜூனில் வந்தது. டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானது. வெளியான கையோடு கலவரம். மழை உண்மையிலேயே பொய்த்தது 1995-இல். அப்போது நடுவர் மன்றம் 11 டிஎம்சி விடச் சொன்னது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, பிரதமர் நரசிம்ம ராவ் இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசி 6 டிஎம்சி என்று முடித்தார். 1991 அளவுக்குத் தீ பற்றவில்லை. 2016 செப்டம்பரில் மழையும் குறைவு, ஆணையும் வந்தது, பெங்களூர் எரிந்தது, ஓசூர் எல்லையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மூன்று வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 1991-க்கும் 2016-க்கும் பொதுவானது மழை இல்லை, வெளியே இருந்து வந்த ஆணை. 1995-இலும் ஆணை வந்தது, ஆனால் அதைப் பேசித் தணித்தார்கள்.

இன்னொரு பிழை எல்லாரும் செய்வது. காவிரிப் பலகைக்குத் தருமபுரி மழையைப் போட்டுடாதீங்க. எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுவுக்கு வரும் தண்ணியைத் தீர்மானிப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு. நம்ம ஊரில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் கிருஷ்ணராஜ சாகரில் ஒரு அடி ஏறாது.

எங்கே ஓட்டை என்றால் பற்றாக்குறைப் பங்கீட்டில். 2007 பிப்ரவரி 5 தீர்ப்பு மொத்த நீர் 740 டிஎம்சி என்று வைத்துக்கொண்டது. அது 50 சதவீத நம்பகத்தில் எடுத்த எண். இரண்டில் ஒரு வருஷம் அதற்குக் குறைவாகத்தான் வரும் என்று அர்த்தம். குறைந்தால் அதே விகிதத்தில் எல்லாரும் குறைத்துக்கொள்ளணும் என்றார்கள். ஆனால் ஜூலை 15 அன்று அணையைப் பார்த்து "இது குறைந்த வருஷம்" என்று யார் சொல்வது, எந்த வாரத்திலிருந்து வெட்டுவது? அதற்கு ஆள் இல்லாமல் 11 வருஷம் போனது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டு அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆக்கியது. ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. இப்போதும் சச்சரவு உண்டு, ஆனால் ஆணையத்தில், மனுவில், ஆர்ப்பாட்டத்தில் போகுது.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையும் இதே பலகையில் ஒரு ஓரத்தில் வைக்கலாம். நம்ம ரெண்டு மாவட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்கணும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்காக வந்த திட்டம், கேட்டது 1.4 டிஎம்சி, குடிக்க மட்டும். 2008-இல் அதற்கே இரண்டு பக்கமும் கொதித்தது. அது வறட்சி வருஷத்துச் சண்டை இல்லை, கர்நாடகத்தில் தேர்தலுக்கு முந்தைய மாசங்கள். திட்டத்தைத் தமிழக அரசு தேர்தல் முடியும்வரை தள்ளிவைத்தது. பிறகு வேலை நடந்து 2013-இல் தண்ணி வந்தது.

---

வாணியாறு மறுபடி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பலகை 1, 4 இரண்டையும் கிழித்தாச்சு. தலைப்பில் "அமைதியும்" என்று இருக்கே, அதற்கு என்ன வைப்பது? "ஒற்றுமையாக இருப்போம்" என்று போஸ்டர் மாதிரி ஆகாமல் வேண்டும்.

---

மதகடி பதில்:

ஏரி மதகிலிருந்து தொடங்குங்க. தண்ணி நிறைய இருக்கும்போது அதை வயலுக்குப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு வேலை கொஞ்சம்தான். ஏரி பாதிக்குக் கீழே இறங்கினதும் முறை வைப்பார்கள். இன்ன மடைக்கு இத்தனை நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். அடியில் துளையிட்ட வட்டில் தண்ணியில் மூழ்கும் நேரத்தை வைத்து அளந்தார்கள். முறையைக் குறைந்த தண்ணி வந்தபிறகு பேச ஆரம்பித்தால் மண்வெட்டியில்தான் முடியும். ஏரி நிறைந்திருக்கும்போதே "இந்தக் கல் தெரிந்தால் முறை" என்று மதகுக் கல்லைக் காட்டிப் பேசி வைத்திருந்த ஊர்களில் வழக்கு குறைவு. காவிரியில் இல்லாமல் போனது அந்தக் கல்தான்.

ஸ்பெயினில் வாலென்சியா ஊரில் இதே வேலைக்கு ஒரு நீதிமன்றம் இன்றும் நடக்குது. வியாழக்கிழமை பகல் 12 மணிக்குத் தேவாலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து வாய்மொழியாகத் தீர்ப்பு சொல்வார்கள். வக்கீல் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

---

மழைமானி பதில்:

அமைதிக்கு எண்ணும் இருக்கு. 1948-லிருந்து 1999 வரை எல்லை தாண்டும் ஆறுகளைப் பற்றி நாடுகளுக்கிடையே நடந்த 1,831 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துழைப்பு. தண்ணிக்காகவே முறையாகப் படை நடத்திய போர் என்று அவர்கள் சுட்டியது ஒன்றே ஒன்றுதான், சுமார் 4,500 வருஷத்துக்கு முன் சுமேரியாவின் லகாஷும் உம்மாவும். சிந்து நதி உடன்படிக்கை 1960-இல் கையெழுத்தாகி 1965, 1971, 1999 மூன்று போரையும் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு. அங்கேயும் தண்ணிக் குறைவு காரணம் இல்லை. இந்த வரியைப் பலகையில் விட்டுவிடாதீங்க. "போரைத் தாண்டி நின்றது" என்று மட்டும் எழுதினால் பழைய செய்தி.

இன்னொன்று நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, நூறுநாள் வேலை. மாவோயிஸ்ட் பாதிப்புள்ள மாவட்டங்களில் பருவமழை குறைந்தால் அடுத்த வருஷம் வன்முறை கூடும் என்ற தொடர்பு இருந்தது. வேலைத்திட்டம் வந்தபிறகு அந்தத் தொடர்பு பெருமளவு மறைந்துவிட்டது என்று ஆய்வு இருக்கு. மழை அப்படியேதான் பொய்த்தது, கூலி மட்டும் நிற்கவில்லை. 1883 பஞ்சச் சட்டத்தின் சோதனை வேலையும் இதே மாதிரிதான். ஒரு வேலையைத் திறந்து வை, கூட்டம் வந்தால் பஞ்சம் என்று புரிந்துகொள், அப்புறம் விரிவாக்கு. பலகை 3-க்குக் கீழே இதை வைத்தால் இடம் பொருந்தும்.

---

சந்தேகி பதில்:

சிரியா டீசல் விலை தெரியாதுங்க. ஒத்துக்கிறேன். ஆனால் பங்கு 3-லிருந்து 20 சதவீதம் என்பதை ஒன்றுமில்லை என்று யாரும் படிக்க வேண்டாம். வெப்பம் ஏற ஏற அது ஏறும் என்றுதான் அதே 11 பேரும் சொன்னார்கள்.

---

மழைமானி பதில்:

சரிதான். அந்த வரியையும் சேர்த்தே போடணும்.

---

கல்லெழுத்து பதில்:

அச்சுக்குப் போகும் முன் இரண்டு சின்ன விஷயம்.

பலகை 4-இல் 2016-க்கு "15,000 கனஅடி" என்று மொட்டையாகப் போடாதீங்க. இங்கே கனஅடி என்பது விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது, டிஎம்சி என்பது மொத்த அளவு. பார்க்கிறவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. செப்டம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் விடச் சொன்ன 15,000 கனஅடி 10 நாளுக்கு என்றால் சுமார் 13 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. இந்த மூன்று எண்ணையும் ஒரே வரியில் கொடுங்க. ஒரு வாரம் கழித்து அந்த ஆணையையே 12,000 ஆகக் குறைத்தார்கள், அன்றைக்குத்தான் பெங்களூர் பற்றியது. அதுவும் இருக்கட்டும்.

பலகை 1-க்கு நடுகல் படம் எடுக்கும்போது எழுத்து தெரியணும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கவிடாதீங்க. எழுத்து அப்போதைக்குத் தெரியும், கல் பாழாகும், தப்பான கோட்டில் வெள்ளை ஏறிவிட்டால் அடுத்து படிக்கிறவரும் தப்பாகவே படிப்பார். சாயங்காலம் 5 மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்க. கல் மேற்கே பார்த்து நின்றால் அந்த வெயில் நேராக விழுந்து பள்ளம் தெரியாது. அப்போது இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து நாலு பக்கத்திலிருந்தும் நாலு படம். வட்டெழுத்தில் வளைவு முக்கியம், ஒரு பக்க வெளிச்சத்தில் மறைவது இன்னொரு பக்கத்தில் தெரியும்.